ஏழாம் நம்பர் மெஷினில் பேய் வைத்தவள்

"ஏம்மா கோமதி, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அன்வர் பாய் இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். எனக்கு வாய் நீளம் என்பது இந்தப் பக்கங்களை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பிரஸ் ஷாப் அது. காலை ஒன்பது மணி இருக்கும். ஏழாம் நம்பர் மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அன்வர் பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் மெயின்டனன்ஸ் வேலை முழுக்க அவர் தலையில்தான். கையில் கறுப்பாக, வழவழவென்று ஒரு பட்டையை வைத்திருந்தார். அதை விரலால் தேய்த்து, எண்ணெய் ஒட்டிய விரலை எனக்குக் காட்டினார்.

"பிரேக் லைனிங். தேஞ்சு காயிதமாட்டம் ஆயிருக்குது. எண்ணெய் வேற ஏறிகினு இருக்குது. இது புடிக்கலன்னா, மேல போயி நிக்க வேண்டிய, தகடு அடிக்கிற டை நிக்காது. தானா இன்னொரு தரம் எறங்கும். மூணு வாரமா எறங்குதாமே? பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியுமாமே?"

தெரியும். அத்தனை பேருக்கும் சொன்னவளே நான்தான். ஆனால் நான் சொன்னது பிரேக் லைனிங் கதை இல்லை, பேய்க் கதை.

முந்தின நாள் அந்த மெஷினில்தான் வெங்கடம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. மெஷினின் நெற்றியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஆபீசில் விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட் ஏற்கெனவே தயார் என்றும், அதில் 'இயக்கியவரின் கவனக்குறைவு' என்று டைப் அடித்தாயிற்று என்றும் கேன்டீனில் பேச்சு. அந்த வார்த்தை நின்றுவிட்டால் வெங்கடம்மாவுக்கு வேலை போய்விடும். கவனக்குறைவு என்று பேர் வாங்கி, கையிலும் குறை வைத்துக்கொண்டு வருகிறவளைச் சிப்காட்டில் வேறு எந்தக் கம்பெனி உள்ளே விடும்?

இதை எழுத இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். என் அம்மா வீட்டு மாங்காய்ச் சண்டையை எழுதினேன், சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டதை எழுதினேன். எல்லாம் இதிலிருந்து தப்பிக்க எழுதியதுதான்.

விளக்கை அணைக்காதே

முதலில் அந்த டி.வி. தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தப் பேயும் இல்லை.

'விளக்கை அணைக்காதே' என்று பெயர். வாரம் ஒரு கதை. ஒரு வாரம் வந்தவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள், வீடு வேறு, ஊர் வேறு, பேயும் வேறு. ராத்திரியில் ஒருமுறை போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போடுவார்கள். நான் எப்போதும் மத்தியான ஆள். தட்டில் கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு, ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களின் சத்தத்தோடு பேய் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் குறட்டை விடுவார். அது கூடுதல் பயம்.

இசை கிடையாது. கறுப்புத் திரையில் ஸ்விட்ச் போடுகிற 'டக்' சத்தம் மட்டும் கேட்கும். அடுத்து ஒரு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில், மடியில் மஞ்சள் பையோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தொடரில் பெயரே இல்லை. நாங்கள் 'பை மாமா' என்போம். "இந்த ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார், கதை ஓடும். கடைசியில் அவர் பஸ் ஏறிப் போய்விடுவார். பேய் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த நடிகர் வேறு சீரியலில் மாமனாராக வந்தபோது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

என்னைக் கேட்டால் முதல் சீசனுக்கு ஈடு இல்லை. அதில் 'ரேஷன் கார்டு' என்று ஒரு கதை. மனைவி இறந்து ஆறு மாதம் கழித்து, ஒரு ரிட்டயர்டு லைன்மேன் அவள் பேரை நீக்கச் சொல்லி ரேஷன் கடைக்குப் போகிறார். கடைக்காரர் மெஷினைப் பார்த்துவிட்டு, "போன வாரம்கூட வந்து விரல் வெச்சு அரிசி வாங்கிட்டுப் போனாங்களே" என்கிறார். இவர் வீட்டுக்கு வந்து அரிசிப் பானையைத் திறக்கிறார். நிறைந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நான் பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்து போனது.

'மூணாவது டம்ளர்' அதற்கு அடுத்தது. புதிதாகக் கல்யாணமான இருவர். காலையில் இரண்டு டம்ளரில் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், திரும்பி வந்தால் மூன்று டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. பயந்து, பழகி, கடைசியில் அவர்களே மூன்றாவது டம்ளரில் டீ ஊற்றி வைக்கிறார்கள். ஒருநாள் நான்கு டம்ளர் கவிழ்ந்திருக்கிறது.

'டோல்கேட்' கதைக்கும் எங்கள் பக்கத்தில் நல்ல மவுசு. ஒரு குடும்பம் காரில் போகிறது. ஒரே டோல்கேட் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் கூண்டுக்குள் இருப்பவருக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. அந்த வாரம் எங்கள் கம்பெனி பஸ் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டும்போது, பஸ்ஸே எழுந்து நின்று கூண்டுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்த பையன் மிரண்டு போனான்.

இரண்டாவது சீசனில் புத்தி கெட்டுவிட்டது. 'சந்தன மாளிகை' என்று நாலு வாரம் இழுத்தார்கள். வாரம் ஒரு கதை என்பதுதானே ஒப்பந்தம், நாலு வாரம் எதற்கு? அதில் வந்த கம்ப்யூட்டர் பாம்பு எங்கள் வீட்டுத் தண்ணீர் டியூப்பை விடக் கேவலம். பேய்க்கெல்லாம் ஒரு சோகக் கதை வைத்து அழவிட்டார்கள். பேய் அழ ஆரம்பித்தால் எனக்குச் சேனல் மாற்றத்தான் தோன்றும். மூன்றாவது சீசனில் கொஞ்சம் தெளிந்தார்கள்.

இத்தனை பார்த்ததில் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லாக் கதையிலும் முதலில் கவனித்துச் சொல்கிற ஆள் ஒருத்தர் இருப்பார். வேலைக்காரியாக இருக்கும், வாட்ச்மேனாக இருக்கும், வீட்டின் சின்ன மருமகளாக இருக்கும். அவர் சொல்வதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். சிரிப்பார்கள். முதலில் மாட்டிக்கொள்வதும் அவர்தான். "பாரு, இவதான் மொதல்ல சொல்றா, இவளுக்குத்தான் மொதல்ல ஆப்பு" என்று டி.வி.யைப் பார்த்து நான் அடித்துச் சொல்வேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரி நான்.

பஸ்ஸில் நான் போட்ட மறு ஒளிபரப்பு

எங்கள் கம்பெனி பஸ் ஊத்தங்கரையில் புறப்படும். கல்லாவி, சாமல்பட்டிப் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து ஏறுவார்கள். வழியில் கிருஷ்ணகிரி, சூளகிரி, பிறகு ஓசூர். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போனில் பார்க்கலாமே என்பீர்கள். வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும். பாதிப் பேர் வாரம் முழுக்க ஷிப்டும் ஓ.டி.யும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறவர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் நான்தான் டி.வி.

டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிருஷ்ணகிரிகூட வராது. அதனால் கண், காது, மூக்கு வைப்பேன். டி.வி.யில் கதவு ஒருமுறை தட்டினால் என் கதையில் மூன்று முறை தட்டும். முடிவு பிடிக்காவிட்டால் நானே வேறு முடிவு வைத்துவிடுவேன். "டி.வி.ய விட நீ சொல்றதுதான்டி பயமாகீது" என்பார்கள். அதைக் கேட்கிற சுகம் எந்தச் சம்பள உயர்விலும் வராது.

சூளகிரியில் வெங்கடம்மா ஏறுவாள். முப்பது வயது தாண்டியிருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கதை பாதி முடிந்திருக்கும் நேரத்தில் ஏறுவதால் அவளுக்கு எப்போதும் ஆரம்பம் கிடைக்காது. "அக்கா, மொதல்லேந்து சொல்லக்கா" என்று வந்து என் காலடியில் டிபன் பையைப் போட்டு அதன் மேல் உட்காருவாள். எல்லாரும் அவளைத் திட்டுவார்கள். நான் அவளுக்காக மறுபடி முதலிலிருந்து சொல்வேன். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் மசாலா சேரும்.

கதை இல்லாத திங்கட்கிழமை

ஒரு வாரம் கிரிக்கெட் மேட்ச் என்று தொடரைப் போடவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், என்னிடம் கதை இல்லை. அப்போதுதான் சூளகிரியில் ஏறிய வெங்கடம்மா சொன்னாள்.

"அக்கா, ஏழாம் நம்பர் மெஷினு தானா அடிக்குதுக்கா."

பிரஸ் மெஷின் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற அச்சு இறங்கி அடித்து, மேலே போய் நின்றுவிடும். ஒரு மிதிக்கு ஒரு அடி. அடித்த பீஸைக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

"கால எடுத்துட்டேன்க்கா. பீச எடுக்கலாம்னு போறேன், மறுபடி எறங்குது. ரெண்டு தரம் ஆயிடுச்சு. முனிராஜ் சார்கிட்ட சொன்னேன். 'ஏனம்மா, நீ பெடல்லேந்து கால லேட்டா எடுக்கறே, மெஷின ஏன் சொல்றே' அப்படின்னுட்டாரு."

முனிராஜ் சார் எங்கள் சூப்பர்வைசர். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், நல்ல மனுஷன்தான். ஆனால் மெஷின் நின்றால் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

நான் வெங்கடம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை காதும் என் பக்கம். எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"ஏழாம் நம்பரா? அதுல மின்ன ஒருத்தர் இருந்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தேன்.

அப்படி யாரும் இருந்ததில்லை. அந்த நிமிடத்தில் நானே பெற்றுப் பேர் வைத்த ஆள் அவர். ஷிப்டு முடிய ஐந்து பீஸ் பாக்கி இருக்கும்போது மாரடைப்பில் விழுந்தவர். அந்த ஐந்து பீஸை அடித்து முடிக்க இன்னும் வருகிறார். ஆபரேட்டர் காலை எடுத்ததும் அவர் காலை வைக்கிறார். இப்படி அளந்துகொண்டே போனேன். ஓசூர் வந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. இறங்கும்போது ஒருத்தி, "அய்யோ, அதுக்கு என்னாதான் வழி?" என்றாள்.

முடிவு வைக்காமல் விட்டால் நான் என்ன கதைசொல்லி?

"மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் ஒடச்சுட்டா போயிடுவாரு" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்காருகிறவள். அடித்த பீஸ்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஏழாம் நம்பரிலிருந்து வந்த சில பீஸ்களில் ஒரு அடி மேல் இன்னொரு அடி, கொஞ்சம் நகர்ந்து விழுந்திருக்கும். ரிஜிஸ்டரில் 'இரட்டை அடி, மெஷின் ஏழு' என்று என் கையாலேயே எழுதி ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன். தினமும் எழுதினேன். அதில் ஒரு பீஸை எடுத்து ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸில் காட்டினேன். "பாருங்கடி, பேயோட முத்திரை!"

கை மாறி மாறிப் பஸ் முழுக்கச் சுற்றி வந்தது. சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். வெங்கடம்மாவும் வாங்கிப் பார்த்தாள்.

அந்தப் பீஸ் என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போது ஏன் உறைக்கவில்லை? இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்தவள். நூலளவு பிசிறு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள்.

கோளாறு என்றால் சிவப்புச் சீட்டு எழுதி மெயின்டனன்ஸ் பெட்டியில் போட வேண்டும். யாரும் போடவில்லை. பேய் என்று சீட்டில் எழுத முடியுமா? அடுத்த இரண்டு வாரமும் மெஷின் நாளுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை தானாக அடித்தது. பஸ்ஸில் அதுதான் பேச்சு. கடைசியில் முனிராஜ் சாரே, "ஆயித்து, ஜனங்க பயப்பட்றாங்க, வெள்ளிக்கிழமை பூஜை போட்டுடலாம்" என்று சொல்லி, தன் கையாலேயே பூசணிக்காய் வாங்கி வந்தார். கற்பூரம் காட்டினார்கள், பொரி கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் கட்டிவிட்ட பொய்க்கு நானே கும்பிடு போட்டேன்.

அன்வர் பாயிடம் மட்டும் யாரும் பேய்ப் பேச்சை எடுக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனார், வந்தார். எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டாமல் இருக்கிறார்கள்? வழக்கமான பூஜை என்று நினைத்துக் கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டீ முடிந்த பிறகு

அடுத்த புதன்கிழமை, பதினொரு மணி டீ முடிந்து எல்லாரும் இடத்துக்குத் திரும்பிய நேரம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரஸ் ஷாப்பில் எப்போதும் ஒரு தாளம் இருக்கும். பத்து மெஷினும் அடிக்கிற சத்தத்தில் ஒன்று நின்றாலும் தெரியும். அன்று ஒன்று நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. அந்த அமைதியில் ஒரு குரல், "அம்மா" என்றுகூட இல்லை, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

ஓடிப் பார்த்தேன். வெங்கடம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, தன் கையைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது. யாரோ நம்பிக்கையானவர் கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி அப்படியொரு திகைப்பு. அந்த முகத்தின் அர்த்தம் எனக்கு அன்று புரியவில்லை.

நான் அத்தனை பேய்க் கதை பார்த்தவள். அன்று எனக்கு வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவளைத் தாங்கிப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. மற்றவர்கள்தான் துணியைச் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

"இது எந்த வாரத்துக் கதைம்மா?"

அன்வர் பாய் கேட்ட கேள்வியோடுதான் மறுநாள் மாலை ஆபீசுக்குள் போனேன். எச்.ஆர். சார், முனிராஜ் சார், ஓரமாக அன்வர் பாய். மேஜையில் டைப் அடித்த தாள்.

"சம்பவத்தன்று மெஷின் நல்லா ஓடிச்சுன்னு நீங்க பாத்தீங்கதானே? சாட்சி கையெழுத்து போடுங்க" என்றார் எச்.ஆர். சார்.

"நல்லா ஓடலைங்க சார். மூணு வாரமா தானா அடிச்சுது. வெங்கடம்மா முனிராஜ் சார்கிட்ட மொதல்லயே சொன்னா. எங்கிட்டயும் சொன்னா."

"தானா அடிச்சுதா? அது எப்படிம்மா?"

"கால எடுத்த அப்புறமும் எறங்கும் சார்."

எச்.ஆர். சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஓ, அந்த ஹார்ட் அட்டாக் ஆளா? அஞ்சு பீஸ் பாக்கி வெச்சவரு? என் காதுக்கும் வந்துச்சு. இது எந்த வாரத்துக் கதைம்மா?"

முனிராஜ் சாரும் சிரித்துவிட்டார். பயத்தில் வந்த சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் சொல்வது சத்தியம். ஆனால் அதை நம்புவதற்கு ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் நானே செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் வருகிற யாரைக் கேட்டாலும், "ஆமாங்க, பேய்னுதான் கோமதியக்கா சொன்னாங்க" என்பார்கள். வெங்கடம்மாவின் வேலை என் கையெழுத்தில் தொங்குகிறது, என் பேச்சுக்கு மூன்று காசு மதிப்பில்லை.

"பேய் நான் கட்டினது சார். மெஷின் அடிச்சது நெசம்" என்றேன். "அந்த மனுஷன் எவனும் இல்ல. வாய்க்கொழுப்புல நான் சொன்னது. எம் மேல என்ன வேணா எழுதுங்க. அவ மேல எழுதாதீங்க."

அப்போதுதான் ரிஜிஸ்டர் நினைவு வந்தது. எழுந்து ஓடிப்போய் எடுத்து வந்து மேஜை மேல் விரித்தேன். இரட்டை அடி, மெஷின் ஏழு. மறுநாள், இரட்டை அடி, மெஷின் ஏழு. பக்கம் பக்கமாக, நான் கதை அளந்த அதே நாட்களில், நானே எழுதியது. கீழே முனிராஜ் சாரின் கையெழுத்தும் இருந்தது. அவரும் படிக்காமலே போட்டிருக்கிறார்.

அன்வர் பாய் முன்னால் வந்து அந்தக் கறுப்புப் பட்டையை ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்தார். "சார், இது ஒரே நாள்ல தேயற பொருள் இல்ல" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

எச்.ஆர். சார் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். அவருக்குச் சிரிப்பு போயிருந்தது. முனிராஜ் சார் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தம்மா எங்கிட்ட சொன்னது நெஜம் சார்" என்றார். அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தத் தாள் கிழிந்தது. புதுத் தாளில் மெஷின் கோளாறு என்று வந்தது. கை ஆறியதும் வெங்கடம்மாவுக்கு இன்ஸ்பெக்‌ஷனில், என் மேஜையிலேயே வேலை என்றும் முடிவானது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி வெட்கம், பாதி நிம்மதி.

சூளகிரியில் ஒரு மத்தியானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டி.வி. போடவில்லை. ஆரஞ்சுப் பழமும் பன்னும் வாங்கிக்கொண்டு சூளகிரிக்குப் பஸ் ஏறினேன். நல்ல சேதி கொண்டு போகிறோம் என்று மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

வெங்கடம்மா சுவரோரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். வலது கை பெரிய கட்டோடு மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். பிடித்து உட்கார வைத்தேன். விஷயத்தை எல்லாம் சொன்னேன். இந்த முறை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள், வேலை இருக்கிறது, என் பக்கத்திலேயே நாற்காலி என்றேன். என் பொய்யையும் சொன்னேன். அந்த மாரடைப்புக்காரர் யாருமே இல்லை, நானே கட்டினேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை.

"யாருமே இல்லியாக்கா?"

"இல்லடி."

"நெஜமா?"

"சத்தியமா இல்ல."

இடது கையால் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் கவனமாத்தான்க்கா இருந்தேன். தானா அடிக்குதுன்னு தெரிஞ்ச நாள்லேந்து உள்ள கையே வுடல. வீட்ல அடுப்புலேந்து பாத்திரம் எறக்கற இடுக்கிய எடுத்தாந்து, அதுலதான் பீச எடுத்தேன். லேட்டாவுதுன்னு சார் திட்டுவாரு, திட்டட்டும்னு இருந்தேன். ரெண்டு வாரத்துக்கு மேல அப்படித்தான். பேய்க்கு நல்லா டிமிக்கி குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா? வெள்ளிக்கிழமதான் பூசணிக்கா ஒடச்சாச்சே. போயிடுவாருன்னு நீதான சொன்ன? நானே பாத்தேன், நீயும் கும்புட்டுகினு நின்னியே" என்றாள். "சனிக்கிழம இடுக்கிய வீட்டுக்கு எடுத்துகினு வந்துட்டேன்."